வெறும் வீக்கம்தான் என்றார்கள்

“நல்ல கேன்சர்” என்று என்னிடம் சொன்ன ஒவ்வொருவரையும் நான் நினைவில் வைத்திருக்கிறேன். மருந்துக் கடைக்காரர், என் கணவரின் நண்பர், எதிர் வீட்டு ரிட்டயர்டு டீச்சர், பெண்ணாடத்திலிருந்து ஒரு பை நிறைய மாதுளம்பழத்தோடு வந்த என் நாத்தனார். “தைராய்டுல வர்றது ஒண்ணும் பண்ணாதாம். இருக்கிறதுலயே நல்ல கேன்சர் அதானாம். நீ கொடுத்து வெச்சவ” என்றார்கள். ஒரு காதுக்குக் கீழே தொடங்கி இன்னொரு காதுக்குக் கீழே முடியும் தையலோடு நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்லக் குரல் இல்லை. இருந்திருந்தால் சிலர் அன்றைக்கே கிளம்பிப் போயிருப்பார்கள்.

இப்போது குரல் ஓரளவு திரும்பியிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு நாள் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலும் கோபம்தான் முதலில் வருகிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் மலர்விழி. விருத்தாசலத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு செராமிக் யூனிட் இருக்கிறது. கரண்ட்டு போர்டில் மாட்டுகிற பீங்கான் ப்யூஸ் கட்டைகள் செய்கிறோம். ஆர்டர், சூளை, லாரி எல்லாம் என் கணவர் பாஸ்கர் பார்த்துக்கொள்வார். உள்ளே வேலை செய்யும் பெண்களோடு நிற்பது நான். களிமண் அரைக்கிற மில் ஓடும்போது பக்கத்தில் இருப்பவளிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

சின்னவள் பிறந்து சில வருஷம் கழித்துத்தான் கழுத்து வீங்க ஆரம்பித்தது. எந்நேரமும் அசதி. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஊரில் எல்லோரும் போகிற டாக்டரிடம் போனேன். ரத்தம் சோதித்துவிட்டுச் சொன்னார்.

“உங்க உடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்தியே தைராய்டை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. அதனாலதான் வீக்கம். இதுக்குப் பேரு தைராய்டு அழற்சி. நெறைய பொம்பளைங்களுக்கு இருக்குது. காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு அந்த அழற்சி இருந்தது உண்மை. மாத்திரை போட்டதும் அசதி குறைந்தது உண்மை. எனக்கும் அவருக்கும் சண்டை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

வருஷக் கணக்காக அவரிடம் போனேன். ஒவ்வொரு தடவையும் ரத்தப் பரிசோதனையில் என்ன எண் வந்திருக்கிறது என்று பார்ப்பார். எண் ஏறியிருந்தால் மாத்திரையைக் கூட்டுவார், இறங்கியிருந்தால் குறைப்பார். கழுத்து இறுகிக்கொண்டே வந்தது. முதலில் மெத்தென்று இருந்த வீக்கம் பிறகு கட்டை மாதிரி ஆனது. சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது தாலிக் கொடி படுகிற இடம் இரண்டு பக்கமும் மேடாகத் தெரிந்தது.

“சார், முன்ன மாதிரி இல்ல. கல்லு மாதிரி இருக்குது” என்றேன்.

“அழற்சி நாள்பட்டா இறுகத்தாம்மா செய்யும். வெறும் வீக்கம்தான்.”

“குரலும் கம்மிப் போச்சு.”

“நீங்க மில்லுல கத்துறவங்க. தொண்டை கட்டத்தான் செய்யும்.”

என் கழுத்தைத் தொட வேண்டுமானால் அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு தடவைகூட வரவில்லை. வெளியே டோக்கன் வாங்கிக்கொண்டு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும். அதில் நானும் ஒருத்தி.

கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். கடவாய்ப் பல் வலி என்று போயிருந்தேன். சின்ன வயசுப் பெண், படிப்பு முடித்து வந்து கிளினிக் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பல்லைப் பார்த்துவிட்டு, தாடைக்குக் கீழே விரலால் அழுத்திக்கொண்டே கழுத்தோரம் இறங்கினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. பிறகு மறுபக்கம் போனது. அங்கேயும் நின்றது.

“அக்கா, இங்க நெறிக்கட்டு இருக்குதே, எவ்வளவு நாளா?”

“தெரியலம்மா. எனக்குத் தைராய்டு வீக்கம் இருக்குது.”

“கழுத்துக்கு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“இத்தன வருஷத்துல ஒரு தடவ கூடவா?”

அவளே ஒரு சீட்டில் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தாள்.

ஸ்கேன் எடுத்தவர் பேசிக்கொண்டே ஆரம்பித்து, பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். நான் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். கட்டி என்று தனியாக ஒன்றும் இல்லை. சுரப்பி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், சலிக்காமல் விட்ட மாவுக் கரைசலில் குருணை மிதப்பது போல. “தனிக் கட்டியா இருந்தா கண்ணுக்குத் தெரியும். இது பரவலா இருக்குது. வீக்கத்தோட வீக்கமாப் போயிடுச்சு. ஊசி டெஸ்ட் பண்ணிடுங்க” என்றார்.

ஊசி டெஸ்ட் என்றால், மெல்லிய ஊசியைக் கழுத்தில் குத்தி, கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. வலி பெரிசில்லை. எச்சில் விழுங்கக் கூடாது என்று சொல்வார்கள். அப்போதுதான் தொண்டை முழுக்க எச்சிலாக ஊறும். முடிவு வந்தது. அழற்சி செல்கள் மட்டுமே காணப்படுகின்றன என்றிருந்தது. பாஸ்கர் ரெண்டு கிலோ லட்டு வாங்கி யூனிட்டில் எல்லோருக்கும் கொடுத்தார். ஊர் டாக்டரிடம் காட்டினோம். “நான்தான் சொன்னேனே” என்றார்.

பல் டாக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. “சுரப்பியிலதான் குத்தியிருக்காங்க. ஓரத்துல இருக்கிற நெறிக்கட்டுல குத்தலியே. அக்கா, நான் பல்லு பாக்கிறவ, இதுக்கு மேல எனக்குத் தெரியாது. புதுச்சேரிக்குப் போங்க. ஒரு சர்ஜனைப் பாருங்க” என்றாள். பாஸ்கருக்கு அது பிடிக்கவில்லை. “பல்லு டாக்டர் பேச்சக் கேட்டு கழுத்துக்கு வைத்தியம் பாக்கிறதா?” என்றார். நான் அடுத்த நாளே பஸ் ஏறினேன். அவரும் பின்னாலேயே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

புதுச்சேரியில் பார்த்த சர்ஜன் ஒரு பெண். உள்ளே போனதும் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் வந்து நின்றுகொண்டு, இரண்டு கையாலும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். விழுங்கச் சொன்னார். பேசச் சொன்னார். நெறிக்கட்டில் ஊசி போட்டு எடுத்தார்கள். இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லை. தைராய்டில் தொடங்கிய கேன்சர், இரண்டு பக்க நெறிக்கட்டுகளுக்கும் போயிருந்தது.

“மொதல் ஊசியில ஏன் தெரியல?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு அழற்சி இருக்கிறதால சுரப்பி முழுக்க அந்த செல்லுங்கதான் நிறைஞ்சிருக்கு. ஊசி அதுலதான் விழுந்திருக்கு. அதுக்கு நடுவுல கேன்சர் ஒளிஞ்சிட்டிருந்திருக்கு.”

‘ஒளிஞ்சிட்டிருந்திருக்கு’ என்ற வார்த்தையை அன்றிலிருந்து விழுங்க முடியவில்லை. என் உடம்பில் இருந்த ஒரு வியாதி இன்னொரு வியாதியை மறைத்து வைத்திருக்கிறது. மறைத்த அந்த வியாதிக்குத்தான் நான் காலையில் எழுந்து, ஒரு நாள் தவறாமல், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன்.

வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பாஸ்கர் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி உள்ளே போனதும் அவர்தான் முதலில் பேசினார்.

“மேடம், தைராய்டு அழற்சி இருக்கிறவங்களுக்குக் கேன்சர் வந்தா வீரியம் கம்மியா இருக்கும்னு சொல்றாங்களே. அப்போ அவசரம் இல்லைதானே? பொங்கல் கழிச்சு வெச்சுக்கலாமா? ஒரு பெரிய ஆர்டர் போயிட்டிருக்குது.”

சர்ஜன் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து எங்கள் பக்கம் போட்டுக்கொண்டார்.

“நீங்க பாத்தது பொய் இல்ல சார். தைராய்டுல பொதுவா வர்ற கேன்சர் ஒண்ணு இருக்குது. அழற்சியும் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு அது சின்னதா இருக்கிறதும், அதிகம் பரவாம இருக்கிறதும் பல ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. எதிர்ப்பு செல்லுங்க சுத்தி நின்னு மறிக்குதோ என்னவோ. அழற்சிக்காக அடிக்கடி செக்கப் போறதால சீக்கிரமே கண்ணுல பட்டுடுதோ என்னவோ. ஆனா இவங்க ஸ்கேனைப் பாத்தா எனக்கு வேற சந்தேகம். அரிதா வர்ற ஒரு வகை இருக்குது. டிஃப்யூஸ் ஸ்க்ளீரோசிங்னு பேரு. கட்டியா திரளாம சுரப்பி முழுக்கப் பரவி, இறுகிப் போயிடும். அந்த வகையில பெரும்பாலும் அழற்சியும் கூடவே இருக்கும். இருந்தும் அது சீக்கிரமே நெறிக்கட்டுக்குப் போகுது. சிலருக்கு நுரையீரலுக்கும் போகுது.”

“அப்போ அழற்சி இவளுக்கு நல்லதா கெட்டதா?”

“தெரியாது. இந்த வகை வந்தவங்களே குறைச்சல். ஒரு இடத்துல ஒரு மாதிரி சொல்றாங்க, இன்னொரு இடத்துல வேற மாதிரி சொல்றாங்க. தெரியாத விஷயத்தை நம்பி நான் இவங்க ஆபரேஷனைத் தள்ளிப் போட மாட்டேன். முழுசா வைத்தியம் பண்ணா பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க. அது மட்டும் நிச்சயமா சொல்றேன்.”

எத்தனையோ வருஷத்தில் ஒரு டாக்டர் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். விசித்திரமாக, அதுதான் எனக்குத் தைரியம் தந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் வடலூர் தாண்டியதும் பாஸ்கர் மெதுவாக ஆரம்பித்தார். “இன்னொரு இடத்துல கேட்டுப் பாக்கலாம் மலரு. ரெண்டு மாசந்தானே.”

“யாரு கழுத்துங்க இது?”

“நான் என்ன சொல்ல வரேன்னா…”

“அந்த வீடியோக்காரன் கழுத்தையா அறுக்கப் போறாங்க? உங்க ஆர்டரோட கழுத்தையா? ஏதோ ஒரு வகைக்குச் சொன்னத எடுத்து என் தலையில கட்டாதீங்க. வெறும் வீக்கம் வெறும் வீக்கம்னு இத்தன வருஷம் கேட்டாச்சு. இனிமே கேக்க மாட்டேன்.”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாஸ்கர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் தோள் குலுங்குவதைக் கவனித்தேன். பயத்தில்தான் அந்த மனிதர் வீடியோவைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் இறங்கவில்லை. பயப்பட வேண்டிய முறை என்னுடையது, அவர் முந்திக்கொண்டுவிட்டார் என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அந்த ஆர்டர்காரருக்குப் போன் போட்டு, முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சகாயமேரி என்று ஓர் அக்கா இருந்தார். திட்டக்குடிப் பக்கம், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அவருக்கும் தைராய்டு அழற்சி, அவருக்கும் கேன்சர். அந்தப் பொருத்தமே எங்களை உடனே ஒட்ட வைத்துவிட்டது. “என்னா மாத்திரை போடுற? அதேதான் நானும். எம்மாம் பவரு?” என்று கேட்டுச் சிரிப்பார். பயம் வந்தால் ஜெபமாலையை உருட்டுவார். எனக்குப் பயம் வந்தால், “கண்ண மூடு, ஒனக்கும் சேத்து நான் சொல்றேன்” என்பார்.

அவருக்கு ஆபரேஷன் சுருக்கமாக முடிந்தது. பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்தார்கள். கேன்சர் ஒரு மிளகளவுதான் இருந்ததாம், சுற்றிலும் அழற்சி செல்கள் அணை கட்டின மாதிரி நின்றிருந்ததாம். நாலு வார்த்தை பேசிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

என்னை உள்ளே கொண்டுபோனபோது காலை வெயில் ஜன்னலில் இருந்தது. கண் விழித்தபோது சாயந்தரம் ஆகியிருந்தது. சுரப்பியை முழுசாக எடுத்து, கழுத்தின் இரண்டு பக்கமும் நெறிக்கட்டுகளை வழித்தெடுத்திருந்தார்கள். குரல் நரம்பு ஒன்றில் வியாதி ஒட்டியிருந்ததாம். நரம்பை அறுக்காமல் மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்ததாகச் சர்ஜன் சொன்னார். “உங்க பேரு என்ன?” என்று கேட்டார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மறுநாள் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. உதட்டைச் சுற்றி மரத்தது. கை தானாக மடங்கிக் கொக்கி மாதிரி நின்றது. தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் நாலு சுரப்பிகள் உண்டு, உடம்பின் சுண்ணாம்புச் சத்தைப் பார்த்துக்கொள்வது அவைதான், ஆபரேஷனில் அவை கொஞ்ச நாள் அதிர்ந்து போய்விடும் என்றார்கள். ஊசி வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள். அது சரியாகிவிட்டது. ஆனால் மடங்கின என் கையை விரித்துவிட முயன்ற பாஸ்கரின் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பயாப்சி முடிவு சர்ஜன் சந்தேகப்பட்டபடியே வந்தது. அந்த அரிய வகைதான். சுரப்பிக்கு வெளியேயும் கொஞ்சம் போயிருந்தது. சகாயமேரி அக்கா தையல் காட்ட வந்திருந்தவர் கேட்டுவிட்டு என் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே வீக்கந்தானேம்மா. எனக்கு அண கட்டுச்சுன்னாங்க. ஒனக்கு ஏன் கட்டல?”

அவர்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவர் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பும் வரை விடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் கதிரியக்க அயோடின். தைராய்டு செல்களுக்கு அயோடின் என்றால் ஆசை, எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனால் கதிரியக்கம் ஏற்றிய அயோடினை விழுங்கக் கொடுத்தால், உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் அந்த செல்கள் அதை இழுத்துக்கொண்டு சாகும். அதற்கு முன்னால் சில வாரம் உடம்பை அயோடின் இல்லாமல் பட்டினி போட வேண்டும். கடை உப்பு கூடாது, பால் கூடாது, முட்டை, மீன், பேக்கரி எதுவும் கூடாது.

என் நாத்தனார் பெண்ணாடத்திலிருந்து வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். நல்ல கேன்சர் என்று மாதுளம்பழத்தோடு சொன்ன அதே அண்ணிதான். அயோடின் சேர்க்காத உப்பை எங்கெங்கோ கேட்டு வாங்கி வந்தார். காபி இல்லாமல் ஒரு நாளும் இருக்காதவர், என் எதிரில் பால் காபி குடிக்க மாட்டேன் என்று கருப்பட்டித் தண்ணீர் வைத்துக் குடித்தார். ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணி, நல்ல கேன்சர்னு சொன்னீங்களே. இதுல எது நல்லதுன்னு சொல்லுங்க” என்று கிசுகிசுத்தேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “எனக்கு என்னாடி தெரியும்? செத்துடுவியோன்னு பயமா இருந்துச்சு. எவனோ நல்லதுன்னு சொன்னான். அதப் புடிச்சிக்கிட்டேன்.”

அதற்கு மேல் அவரோடு எப்படிச் சண்டை போடுவது? கொடுத்த கஞ்சியைக் குடித்தேன்.

சென்னையில் அந்த மருந்தைக் கொடுத்து ஒரு தனி அறையில் விட்டார்கள். நம் உடம்பிலிருந்தே கதிர் வரும் என்பதால் யாரும் பக்கத்தில் வரக்கூடாது. தட்டைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். என் பெண்கள் இருவரும் வீடியோ காலில் வந்து மாற்றி மாற்றிப் பேசினார்கள், நான் தலையாட்டினேன். பிறகு எடுத்த ஸ்கேனில் கழுத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் தெரிந்தது. நுரையீரல் சுத்தமாக இருந்தது. பாஸ்கர் ரயிலில் ஊருக்கு வரும் வழியெல்லாம் யார் யாருக்கோ போன் போட்டு அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனாலும் அந்த அழற்சி என்னை விடவில்லை. கேன்சர் திரும்பி வருகிறதா என்று பார்க்க ரத்தத்தில் ஒரு புரதத்தை அளப்பார்கள். தைராய்டு செல் இருந்தால்தான் அது ரத்தத்தில் இருக்கும். எனக்கு அழற்சி உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இன்னும் இருப்பதால் அந்த அளவை அப்படியே நம்ப முடியாதாம். அதனால் எதிர்ப்புப் பொருளையே அளக்கிறார்கள். அது படிப்படியாக இறங்கினால் நல்ல அறிகுறி, ஏறினால் தேட வேண்டும். வியாதி வந்ததையும் மறைத்தது, போனதா என்பதையும் மறைக்கிறது. இதைத்தான் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றார்கள். இதுவரை இறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு எனக்கு உள்ள நல்ல செய்தி அதுதான்.

போன வாரம் ஊர் டாக்டரிடம் போனேன். பாஸ்கர் வேண்டாம் என்றார். “போய் என்ன ஆகப் போவுது?” நான் டோக்கன் வாங்கிக்கொண்டு, மற்றவர்களோடு உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போனேன். என் தழும்பைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

“கேள்விப்பட்டேம்மா. நல்லபடியா முடிஞ்சிடுச்சுல்ல? உங்களுக்கு அழற்சி இருந்தது ஒரு வகையில நல்லதுதான். அந்த மாதிரி கேஸ்ல வீரியம் கம்மியா…”

“எனக்கு வந்தது அந்த வகை இல்ல சார்.” என் குரல் இப்போது ஓட்டைக் குழாயில் காற்று வருவது போலத்தான் வரும். அவர் கொஞ்சம் முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. “முடியவும் இல்ல. இன்னும் டெஸ்ட் போயிட்டிருக்குது. கல்லு மாதிரி இருக்குதுன்னு உங்ககிட்ட சொன்னேன். குரலு போவுதுன்னு சொன்னேன். நீங்க நம்பரைத்தான் பாத்தீங்க. அழற்சி இருக்கிறவளுக்குக் கேன்சரும் வரலாம்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு ஸ்கேன் எழுதித் தந்திருக்கலாம். அட, கைய வெச்சுத் தொட்டாவது பாத்திருக்கலாம்.”

கதவு முழுசாகச் சாத்தியிருக்கவில்லை. வெளியே பேச்சுச் சத்தம் அடங்கிப் போயிருந்தது. அவர் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். கையைத் தூக்கினார்.

நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“எனக்கு இனிமே வேணாம் சார். வெளிய இருக்கிறவங்களுக்குப் பாருங்க.”

வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். முந்தானையால் மூடிக்கொள்ளவில்லை. பாஸ்கர் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் காத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாரு?”

“அவரு ஒண்ணும் சொல்லல. நான் சொல்லிட்டு வந்தேன்.”